புழுவின் ஜாதகம்

யானைக்கால் புழுவுக்கு எப்போதும் நைட் ஷிஃப்ட்தான். இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் அதன் குஞ்சுகள் கை விரல் ரத்தத்தில் தலை காட்ட ஆரம்பிக்கும். நள்ளிரவில் கூட்டம் அலைமோதும். விடிந்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது. எல்லாம் நுரையீரல் பக்கத்து ரத்தக் குழாய்களில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் யானைக்கால் தடுப்பு ஊழியர்கள், ஊரே சாப்பிட்டு முடித்துப் பாயை விரிக்கும் நேரத்தில் வந்து கதவைத் தட்டி, 'விரலைக் கொஞ்சம் நீட்டுங்க சார்' என்கிறார்கள். நாமும் 'இந்நேரத்துக்கா?' என்று சலித்துக்கொள்கிறோம். பகலில் வந்து பார்த்தால், நைட் ஷிஃப்ட் போனவன் வீட்டுக்கு ராத்திரி போய் 'ஆள் இல்லை' என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். பகலிலும் கண்டுபிடிக்கும் கார்டு சோதனைகள் இப்போது வந்துவிட்டன. இருந்தாலும் புழுக்குஞ்சைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி ரத்தம்தான்.

ஏன் இந்த நேரக் கணக்கு? புழுக்குஞ்சு அடுத்த ஆளிடம் போக ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டி க்யூலெக்ஸ் கொசு. அது கடிப்பது ராத்திரியில். பஸ் வரும் நேரத்துக்கு ஸ்டாப்பில் வந்து நிற்கிற புத்திசாலிப் பயணி, இந்தப் புழு. 1881-ல் லண்டனில் ஸ்டீஃபன் மெக்கன்ஸி என்கிற டாக்டர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்துப் பார்த்தார். சில நாட்களில் புழுக்களும் பகல் ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டன! எண்ணூர், மணலி பக்கம் மூன்று ஷிஃப்டில் உழைக்கிற நண்பர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. உடம்பு என்ன பாடு படும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் புழு சமாச்சாரமெல்லாம் ஹார்பர் பக்கத்து ஷிப்பிங் ஆபீஸில் பில் ஆஃப் லேடிங் சரிபார்க்கிற எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பள்ளிக்கூட சிநேகிதன் ஒருவன் புழுக்களின் என்சைம் பற்றி ஆராய்ச்சி செய்தவன். 'உனக்கு வேற வேலையே கிடைக்கலையாடா?' என்று கேட்டுக் கேட்டே பாதிப் பாடத்தை அவனிடம் படித்துவிட்டேன்.

முதலில் ஆசாமியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். முழுப் பெயர் உச்செரேரியா பான்கிராஃப்டி. பிரேசிலில் இதன் குஞ்சைப் பார்த்த உச்செரர், ஆஸ்திரேலியாவில் 1876-ல் வளர்ந்த புழுவைக் கண்டுபிடித்த பான்கிராஃப்ட், இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்தது. நடுவில் 1872-ல் நம் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ், மனித ரத்தத்தில் இந்தக் குஞ்சுகள் நெளிவதைக் கண்டார். 1877-ல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், கொசுவின் உடம்புக்குள் போன குஞ்சு அங்கே வளர்வதைப் பார்த்தார். கொசு ஒரு நோயைச் சுமக்கும் என்பதற்கு உலகில் கிடைத்த முதல் சாட்சி அது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நிரூபித்ததெல்லாம் அதற்கு இருபது வருஷம் கழித்து.

பெண் புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம். தையல் நூல் கனம். நிணநீர்க் குழாய்க்குள் சுருண்டுகொண்டு ஆறிலிருந்து எட்டு வருஷம் குடித்தனம் நடத்தும். லட்சக்கணக்கில் குஞ்சு போடும். அந்தக் குழாய்கள் வீங்கி, கெட்டு, வடிய வேண்டிய நீர் வடியாமல் தேங்க, கால் பருக்கிறது. ஆண்களுக்கு விரை வீங்குகிறது. இதில் ஒரு சின்ன ஆறுதல்: ஒரு கொசு ஒரு தடவை கடித்ததும் வந்துவிடாது. புழுவைச் சுமக்கும் கொசுக்களிடம் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடி வாங்க வேண்டும். சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கொசு அது. கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதுவும் ஒன்றும் கஷ்டமில்லை.

பக்கிங்ஹாம் கால்வாய் எங்கள் பக்கமாகத்தான் எண்ணூருக்குப் போகிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் ஆயா உண்டு. யார் வந்தாலும் எழுந்திருக்காது. கூடைக்குப் பின்னால் புடவையை இழுத்து மூடி உட்கார்ந்தபடியே வியாபாரம். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தப் புடவைக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. சாவு வீட்டுக்குப் போகாது, கல்யாணத்துக்குப் போகாது. 'இந்தக் காலை இஸ்த்துக்கினு எங்க நைனா போறது?' என்று சிரிக்கும். யானைக்கால் ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் உயிரோடு ஒரு மூலையில் உட்கார வைத்துவிடும்.

இப்போது முக்கியமான கேள்வி. நம் உடம்புக்குள் ஒரு முள் தைத்தாலே வெள்ளை அணுக்கள் படை திரட்டிக்கொண்டு ஓடி வருகின்றன. பத்து சென்டிமீட்டர் புழு வருஷக்கணக்கில் உள்ளே இருக்கிறது. எப்படி விட்டுவைக்கின்றன?

விட்டுவைப்பதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான ரசாயனங்களைப் புழு மேல் கொட்டுகின்றன. புழுவிடம் அதற்கு எதிர்ச் சரக்கு இருக்கிறது. அவைதான் என்சைம்கள். தமிழில் நொதி.

என்சைம் என்றால் என்ன? திருவொற்றியூர் பக்கம் ஏதாவது ஒரு பட்டறையில் எட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மெஷினும் ஒரே ஒரு வேலை செய்யும். ஒன்று வெட்டும், ஒன்று துளை போடும், ஒன்று பற்றவைக்கும். உயிருள்ள எந்த உடம்பும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டி மெஷின்கள் ஓடுகிற பட்டறைதான். இந்த மெஷின்களெல்லாம் புரதத்தால் ஆனவை. அமினோ அமிலம் என்கிற இருபது வகை மணிகளைக் கோத்து, மடித்துச் செய்தவை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பது டி.என்.ஏ.வில் எழுதியிருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினால் ஒரு மணி மாறலாம். ஒரு மணி மாறினால் மெஷின் நின்றுபோகலாம். ஒன்றுமே ஆகாமலும் போகலாம். சில சமயம் முன்னைவிட அந்த இடத்துக்குத் தோதாகவும் அமைந்துவிடலாம். ஒரே வேலை செய்யும் ஒரே என்சைம், கொஞ்சம் வேறு வேறு வார்ப்பில். இந்த வேறுபாடுகளைத் தேடிப் பிடிப்பதுதான் என் நண்பனின் தொழில்.

'புழுவுக்கு ஜாதகம் கணிக்கிறேன் மச்சான்' என்பான்.

புழுவின் தற்காப்பு என்சைம்களில் ஒன்று குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ். வாயில் நுழையாத பெயர் என்பதால் ஆராய்ச்சிக்காரர்கள் சுருக்கிக் கூப்பிடுவது: ஜி.எஸ்.டி.

முதல் தடவை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். 2017 ஜூலையிலிருந்து நம் கழுத்தைப் பிடிக்கிற அதே பெயர்! புழு ரொம்ப நாளாகவே வைத்திருக்கிறது. வேலையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். உள்ளே வருகிற நச்சுப் பொருள் ஒவ்வொன்றின் மேலும் குளூட்டாதயோன் என்கிற முத்திரையைக் குத்தும். முத்திரை விழுந்த நச்சு தண்ணீரில் எளிதாகக் கரைந்து வெளியே போய்விடும். நம் கல்லீரலிலும் ஜி.எஸ்.டி. உண்டு. ஆனால் நமக்கு நச்சு நீக்க வேறு பல வழிகள் இருக்கின்றன. ஃபைலேரியா குடும்பத்துப் புழுக்கள் பெரும்பாலும் இந்த என்சைமையே நம்பியிருக்கின்றன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மனுஷனின் ஜி.எஸ்.டி.யும் புழுவின் ஜி.எஸ்.டி.யும் ஒரே வேலை செய்தாலும், நச்சைப் பிடிக்கும் குழியின் அமைப்பில் வித்தியாசம் இருக்கிறது. புழுவின் குழியில் மட்டும் போய் அடைத்துக்கொள்ளும் ஒரு மருந்து கிடைத்துவிட்டால்? நம் மெஷின் ஓடும், அதன் மெஷின் நிற்கும். இதே ஜி.எஸ்.டி. தடுப்பூசியாகப் பயன்படுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்ப மையத்தில் பேராசிரியர் காளிராஜ் குழுவினர் பல வருஷங்கள் யானைக்கால் புழுவின் புரதங்களில் தடுப்பூசி தேடினார்கள். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்யாணசுந்தரம் ராமசாமி குழுவும் அதே தேடலில் இருந்தது. மனிதர்களுக்கான யானைக்கால் தடுப்பூசி இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு முக்கியக் காரணம், இந்தப் புழு லேபுக்கு வர மறுக்கிறது. எலிக்குள் வளராது, முயலுக்குள் வளராது. மனுஷன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். மனுஷனின் நிணநீர்க் குழாயை அறுத்துப் புழு எடுக்க முடியுமா? அதனால் சொந்தக்காரப் புழுக்களைப் பிடிக்கிறார்கள். புரூஜியா மலாயி என்கிற இன்னொரு யானைக்கால் புழுவை ஒரு வகைப் பாலைவன எலிக்குள் வளர்க்க முடிகிறது. 2007-ல் அதன் முழு டி.என்.ஏ. புத்தகத்தையும் படித்து வெளியிட்டார்கள். இன்னொன்று, மாட்டின் வயிற்றறையில் சகஜமாக இருக்கும் செட்டேரியா. இந்திய லேபுகளுக்கு இதுதான் கை கொடுக்கும் தெய்வம்.

என் நண்பன் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு கசாப்புக்கூடத்துக்குப் போவான். ஃபிளாஸ்க்கில் காப்பி என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டின் உடம்புச் சூட்டில் உப்புக் கரைசல். வெள்ளை நூல் மாதிரி நெளியும் புழுக்களைப் பொறுக்கி அதில் போட்டு, சாகாமல் லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். 'கறி வேணாமா தம்பி, புழு மட்டும் போதுமா?' என்று அங்கே ஒரு பாய் தினமும் கேட்பாராம். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர், 'தம்பி, ஒரு வாய் காப்பி கிடைக்குமா?' என்று கேட்டுவிட்டார். இவன் உண்மையைச் சொன்னான். அதன் பிறகு இறங்கும் வரை இரண்டு சீட்டும் இவனுக்குத்தான்.

சரி, புழுவை அரைத்தாயிற்று. உள்ளே எந்த வார்ப்பு என்சைம் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? இதற்கு நம் பழைய வண்ணாரப்பேட்டைக்குப் பிடித்தமான ஒரு பதில் இருக்கிறது: கஞ்சி.

1950-களில் கனடாவின் டொரண்டோவில் ஆலிவர் ஸ்மித்தீஸ் என்கிற இளைஞர், புரதங்களைப் பிரிக்கச் சரியான வழி கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மா சட்டைகளுக்குக் கஞ்சி போட்டபோது, ஆறிய கஞ்சி அல்வா மாதிரி இறுகிப்போனது ஞாபகம் வந்தது. உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கட்டியாக்கி, அதற்குள் புரதங்களை வைத்து மின்சாரம் பாய்ச்சினார். பெரிதும் சிறிதுமாக, மின்னூட்டம் அதிகமும் குறைவுமாக இருந்த புரதங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடித் தனித்தனியாகப் பிரிந்தன. 1955-ல் இதை வெளியிட்டார். இதே ஸ்மித்தீஸ் பின்னால் 2007-ல் வேறொரு கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசும் வாங்கினார். கஞ்சியைக் கேவலமாக நினைக்காதீர்கள்!

1957-ல் ஹன்டர், மார்க்கெர்ட் என்கிற இருவர் இன்னொரு தந்திரம் சேர்த்தார்கள். அந்தக் கஞ்சிக் கட்டியின் மேல், குறிப்பிட்ட ஓர் என்சைம் வேலை செய்தால் மட்டும் நிறம் மாறும் சாயத்தை ஊற்றினார்கள். என்சைம் எங்கே நிற்கிறதோ அங்கே மட்டும் ஒரு பட்டை தெரியும். ஒரே என்சைமில் இரண்டு வார்ப்பு இருந்தால் இரண்டு பட்டை. ஆளுக்கு ஆள், புழுவுக்குப் புழு பட்டை விழும் இடம் மாறும். இதுதான் ஜாதகக் கட்டம்.

இதை வைத்து என்ன லாபம் என்று கேட்கலாம். காசிமேட்டு ஆட்களுக்குப் பிடித்த உதாரணமே இருக்கிறது. கடல் மீனுக்குள் சில சமயம் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுவில் அனிசாகிஸ் என்று ஒரு வகை. மீனைப் பச்சையாகத் தின்னும் நாடுகளில் வயிற்று வலியால் ஆளைத் துடிக்க வைக்கும். உலகம் முழுக்க ஒரே புழு என்று நினைத்துக்கொண்டிருந்ததை, இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் என்சைம் பட்டைகளைப் பார்த்து, 'இது ஒரே ஜாதி இல்லை, தோற்றத்தில் ஒட்டிப் பிறந்த வேறு வேறு ஜாதி' என்று 1980-களில் நிரூபித்தார்கள். மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத வித்தியாசம் கஞ்சிக்குத் தெரிந்தது. பயப்பட வேண்டாம், 60 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடானால் புழு செத்துவிடும். நம் வஞ்சிரக் குழம்பு கொதிக்கிற கொதியில் அதன் ஜாதகம் முடிந்துவிடும்.

நாய்களிலும் இப்படி ஒரு கதை. நாயின் இதயத்தில் குடியேறிக் கொல்லும் ஃபைலேரியா ஒன்று. அவ்வளவாகத் தொல்லை தராத ஃபைலேரியா ஒன்று. இரண்டின் குஞ்சுகளும் ரத்தத்தில் பார்க்க ஒரே மாதிரி. அமில பாஸ்பேட்டேஸ் என்கிற என்சைமுக்குச் சாயம் போட்டால், கொலைகாரப் புழுவின் குஞ்சில் இரண்டு இடத்தில் மட்டும் சிவப்புப் புள்ளி. சாதுவின் குஞ்சில் உடம்பு முழுக்கச் சிவப்பு. 1971-ல் வந்த இந்தச் சாய வித்தையால் எந்த நாய்க்குக் கடுமையான வைத்தியம் தேவை என்று சொல்ல முடிந்தது.

இதுவரை சுவாரஸ்யம். இனிமேல் கவலை.

ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஹீமாங்கஸ் என்று ஒரு ரத்தம் குடிக்கும் உருளைப்புழு இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மாதிரி இருக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்கச் சின்னக் கணக்கு. ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. ஒரு செம்மறிக்குட்டி எத்தனை நாள் தாங்கும்? 1961-ல் தயாபெண்டசோல் என்கிற மருந்து வந்தது. ஒரே டோஸில் புழு காலி. பண்ணைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, நோய் உள்ள ஆடு, இல்லாத ஆடு எல்லாவற்றுக்கும் ஊற்றினார்கள். மூன்றே வருஷம். 1964-ல் மருந்துக்குச் சாகாத புழுக்கள் பற்றி அமெரிக்காவிலிருந்து செய்தி வந்துவிட்டது.

என்ன நடந்தது? அந்த மருந்தும் அதன் தம்பிகளும் பிடிப்பது புழுவின் டியூபுலின் என்கிற புரதத்தை. என்சைம் என்று வழக்கமாகச் சொல்வதில்லை. செல்லுக்குள் சாரம் கட்டுகிற கட்டுமானப் புரதம். அதில் 200-வது மணியாக ஃபினைல்அலனின் இருக்க வேண்டும். சில புழுக்களில் அங்கே டைரோசின். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு மணி மாறினாலே மருந்து சரியாக ஒட்டாது. மற்ற புழுக்களெல்லாம் சாக, இந்த மாற்று வார்ப்புக்காரர்கள் மட்டும் பிழைத்துக் குஞ்சு பொரித்தார்கள். கொஞ்ச காலத்தில் மேய்ச்சல் நிலமெல்லாம் அவர்கள் வம்சம். மருந்து புதிய புழுவை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சில்லறைப் பேர்வழிகளுக்கு வழி ஒதுக்கிக் கொடுத்தது. தமிழ்நாட்டுச் செம்மறிகளிலும் மருந்துக்கு மசியாத குடல்புழுக்களைக் கால்நடை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

கொசுவும் இதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தது. க்யூலெக்ஸ் கொசு, ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தைப் பிடித்து அடக்க எஸ்டரேஸ் என்கிற என்சைமை மூட்டை மூட்டையாகத் தயாரிக்கக் கற்றது. 1991-ல் ஒரு பிரெஞ்சுக் குழு பார்த்தபோது ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா மூன்று கண்டங்களின் கொசுக்களிலும் அந்த என்சைமின் ஒரே மரபு வார்ப்பு இருந்தது. ஓரிடத்தில் தோன்றி மற்ற இடங்களுக்குப் பயணம் போயிருக்கிறது! துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எந்த பில் ஆஃப் லேடிங்கிலும் ஏறாத சரக்கு அது.

இப்போது மனுஷனுக்கு வருவோம். யானைக்காலுக்குக் கொடுப்பது டி.இ.சி. மாத்திரை. 1947-லிருந்து இருக்கிற பழைய மருந்து. நம் நாட்டில் 1955-லேயே தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கும் முறையை 1996-ல் கடலூர் மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2004-ல் அது தேசியத் திட்டமானது. 2007-லிருந்து டி.இ.சி.யோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது. 2018-லிருந்து சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்து மூன்று மருந்து.

அல்பெண்டசோல் யார் தெரியுமா? ஆட்டுப் புழுவிடம் தோற்றுப்போன தயாபெண்டசோலின் தம்பி! அதுவும் பிடிப்பது அதே டியூபுலினைத்தான். 2005-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எடுத்த யானைக்கால் புழுக்குஞ்சுகளில், 200-வது மணி மாறிய அதே வார்ப்பு இருப்பதைக் கண்டு ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்தார்கள். பாண்டிச்சேரியில் உள்ள நோய்க்கடத்திகள் ஆராய்ச்சி மையம், இந்தியப் புழுக்களில் அந்த மாற்றத்தைத் தேடிப் பிடிக்கும் சோதனை ஒன்றை உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. இதனால் மாத்திரை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. டி.இ.சி. வேலை செய்யும் வழி வேறு. ஒன்றுக்கு டேக்கா கொடுக்கிற புழு இன்னொன்றிடம் மாட்டும். இரண்டு, மூன்று மருந்து சேர்த்துக் கொடுப்பதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

ஆனால் நேரம் முக்கியம். இந்த மருந்துகள் குஞ்சுகளைச் சுத்தமாக ஒழிக்கும். வளர்ந்த புழுவை முழுக்கக் கொல்வது கஷ்டம். அது கிழடாகிச் சாகும் வரை வருஷா வருஷம் குஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொசுவுக்குக் குஞ்சு கிடைக்காவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். ஊரில் பாதிப் பேர் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'அப்புறம் சாப்பிடறேம்மா' என்று அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ஐந்து வருஷ வேலை பதினைந்து வருஷம் இழுக்கும். அத்தனை வருஷமும் புழுவுக்கு, தப்பிக்கும் வார்ப்பைத் தேர்ந்தெடுக்கக் கிடைத்த பரீட்சைகள். ஆட்டுப் புழு பாஸ் செய்த அதே பரீட்சை.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ஏராளமாக உழைக்கிறார்கள். அங்கெல்லாம் பல மாவட்டங்களில் யானைக்கால் பரவல் இன்னும் நிற்கவில்லை. ரத்தத்தில் குஞ்சு இருக்கிற ஆளுக்குப் பெரும்பாலும் அது இருப்பதே தெரியாது. இங்கே கால்வாயும் இருக்கிறது, க்யூலெக்ஸும் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஆட்களும் ஒரு காலத்தில் இதே புழுவைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்கள்தான். செய்ய வேண்டியது, அவர்கள் தங்கும் ஷெட்டுகளுக்கு ராத்திரியில் போய் மரியாதையாக ரத்தம் எடுத்துப் பார்த்து, இருந்தால் மருந்து கொடுப்பது.

ஜாதகம் இங்கேதான் நிஜமாகவே உதவும். நாளைக்கு ஒரு தெருவில் புதிதாக ஒருவருக்குப் புழுக்குஞ்சு தெரிந்தால், அது வெளியூரிலிருந்து வந்ததா, இல்லை இங்கேயே சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருக்கிறதா? முதலாவது என்றால் ஒரு ஆளுக்கு மருந்து போதும். இரண்டாவது என்றால் வார்டு முழுக்க இறங்க வேண்டும். இப்போது கஞ்சிக் கட்டிகூட வேண்டாம். ஒரே ஒரு குஞ்சின் டி.என்.ஏ.வையே படிக்க முடிகிறது. அதன் என்சைம்களும் மற்ற புரதங்களும் எந்த வார்ப்பு என்று அதிலேயே எழுதியிருக்கும். எந்த ஊர்ப் புழுவோடு ஒத்துப்போகிறது, எந்த மருந்துக்கு மசியாமல் போகலாம் என்பதற்குத் துப்பு அங்கேதான். புழுவை அரைப்பதெல்லாம் வெட்டி வேலை என்று கேலி செய்துகொண்டிருந்த நான், இதைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: பக்கத்து வீடான இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்காலை ஒழித்துவிட்டதாக 2016-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிவிட்டது. அதே புழு, அதே க்யூலெக்ஸ். அவர்களுக்கும் சாக்கடை உண்டு.

கால் ஏற்கெனவே வீங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை வீக்கத்தை வற்ற வைக்காது. தினம் இரண்டு வேளை சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொண்டால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும், வீக்கம் மோசமாகாது. காசு செலவில்லாத வைத்தியம். எங்கள் மீன்கார ஆயாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

மாத்திரை விஷயம் ரொம்ப எளிது. மாத்திரை கொடுக்கும் ஊரிலோ பேட்டையிலோ இருந்தால், சாப்பிட்ட பிறகு, கொண்டு வந்தவர் கண் எதிரிலேயே விழுங்கிவிடுங்கள். பெரியவர்களுக்கு டி.இ.சி. மூன்று, அல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, கடுமையான நோயாளி இவர்களுக்கு வேண்டாம். விழுங்கிய பிறகு சிலருக்குக் கொஞ்சம் காய்ச்சல், தலைச்சுற்றல் வரலாம். பெரும்பாலும் அது உள்ளே குஞ்சுகள் சாவதன் அறிகுறி. மருந்து கெடுதல் என்று ஓடாதீர்கள். 'அட, எனக்குள்ளயே இருந்திருக்கா!' என்று சந்தோஷப்படுங்கள்.

நண்பனிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். 'இவ்வளவு படிச்சியே, மனுஷன் புத்திசாலியா, புழு புத்திசாலியாடா?'

'புழுவுக்கு மூளைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது மச்சான். ஆனா கோடிக்கணக்குல குஞ்சு போட்டுக்கிட்டே இருக்கும். ஏதாவது ஒண்ணுகிட்ட மாத்து வார்ப்பு இருந்துடும். அது அவசரப்படாது. நாமதான் அவசரப்படணும்.'

ஆட்டுப் புழு படித்த பாடத்தை மனுஷப் புழு மனப்பாடம் செய்து முடிப்பதற்குள், சட்டைப் பையில் இருக்கும் அந்த நாலு மாத்திரையை விழுங்கிவிடுவது நல்லது.